கோதண்டம் பேரில் ஒரு மாத்திரைப் பெட்டி

மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பிவிட்டுப் போவதை மூடி போட்ட டப்பியில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது வெறும் எச்சில், சளி இல்லை, மறுபடி கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும் உத்தியோகம் என்னுடையது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். பொன்னேரியிலிருந்து தினமும் லோக்கல் ட்ரெயின். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் நர்ஸம்மாக்கள் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவார்கள். கையைச் சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

விடியற்காலையில் வாய் கொப்பளித்து, நெஞ்சுக்குள்ளிருந்து காறி எடுத்து, அந்த டப்பியைக் கைப்பையில் ஒளித்து பஸ் ஏறி வந்து என் ஜன்னல் முன்னால் நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களைத் திட்டி அனுப்பியது நானோ, என்னைப் போன்ற இன்னொருத்தியோதான். மன்னித்துவிடுங்கள். அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன அவஸ்தையோ அதே அவஸ்தைதான் இந்தப் பக்கம் எங்களுக்கும்.

இந்த வேலையில் நான் வாயடைத்து நின்ற நேரங்களில் பாதிக்கு மேல் ஏழுமலை என்ற ஒரே ஆளால் வந்தவை. ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை, முப்பது வயது, ஊரில் மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும், நெஞ்சில் காசநோய். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பிழைத்துவிடலாம், விட்டால் பிழைப்பது கஷ்டம். இதைவிடச் சுலபமான விஷயம் மருத்துவத்தில் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு இருமல், மூன்று டப்பி

மேஸ்திரி ஒருவர் மூன்று ஆட்களை அனுப்பியிருந்தார். மூன்று பேரும் ஒரே அறையில் தங்குகிறவர்கள், மூன்று பேருக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். டாக்டர் மூவருக்கும் சளிப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டு ஆளுக்கொரு டப்பி கொடுத்தேன். "கொல்லைப்பக்கம் போய், மூச்சை நல்லா இழுத்து விட்டு, நெஞ்சுலேர்ந்து எடுங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். திறந்த வெளியில் துப்பச் சொல்வது அங்கே காற்றும் வெயிலும் இருப்பதற்காக. அறைக்குள் இருமினால் கிருமி மிதந்துகொண்டே இருக்கும்.

ஜன்னல் வழியாகத் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். மூவரில் ஒல்லியாக இருந்தவன் குனிந்து இருமி முதல் டப்பியில் துப்பினான். நல்ல சளி. எனக்கே திருப்தியாக இருந்தது. அப்புறம் இரண்டாவது டப்பியை வாங்கி அதிலும் துப்பினான். மூன்றாவதிலும் துப்பினான். மற்ற இரண்டு பேரும் பந்தியில் பாயசத்துக்கு நிற்பது மாதிரி டப்பியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் மூன்றையும் பிடுங்கினேன். ஒல்லிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் சேர்த்துப் பேசியது முனுசாமி என்ற குட்டையான ஆள்.

"ஒரே ரூம்ல ஒரே சோத்துப் பானைல துன்னுக்கினு கீறோம் மேடம், சளி மட்டும் இன்னா தனித்தனியாவா இருக்கப் போவுது?"

ஆரஞ்சு பாட்டில்

மறுநாள் தனித்தனியாக வாங்கிப் பார்த்ததில் முனுசாமிக்கும் மூன்றாவது ஆளுக்கும் ஒன்றுமில்லை. ஒல்லிக்காரனுக்கு, மைக்ராஸ்கோப்பில் நீலத்தின் நடுவே சிவப்புச் சிவப்பாக எங்கே பார்த்தாலும் கிருமி, த்ரீ ப்ளஸ். அதற்கு மேல் எங்கள் நோட்டில் அளவே கிடையாது. அவன் கொடுத்த பெயர் கோதண்டம், ஊர் பொதட்டூர்பேட்டைப் பக்கம். அப்போது முறை என்னவென்றால், நோயாளியின் பெயர் எழுதி ஆறு மாத மாத்திரையையும் ஒரே பெட்டியில் போட்டு, அவன் சொந்த ஊருக்குப் பக்கத்து நிலையத்துக்கு அனுப்பிவிடுவோம். அங்கே ஊழியர் வீடு தேடிப் போய், வாரம் மூன்று நாள் கண் முன்னால் விழுங்க வைப்பார். "ஊருக்குப் போயிடு, மாத்திரை அங்கே வரும்" என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து, நல்ல ஆகிருதியான ஒரு விவசாயி வந்தார். கையில் தண்ணீர் பாட்டில், அதில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ. கலர் சோடா என்று நினைத்தேன். சிறுநீராம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான் போகிறதாம். "வியாதி வெளிய போவுதுன்னு நெனச்சேன். ஊட்டுக்காரி பயந்துட்டா. பெட்டி இங்கேர்ந்துதான வந்துச்சு?" என்றார். காசநோய் மாத்திரையில் ஒன்று அப்படி நிறம் மாற்றும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பெயரைக் கேட்டேன்.

"கோதண்டம்."

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதே பெயர், அதே ஊர், அதே தகப்பனார் பெயர். ஆனால் ஆள் வேறு. துருவித் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. இவர் இரண்டு வருஷம் மில்லில் வேலை பார்த்துவிட்டு, வேர்க்கடலை போட ஊருக்குத் திரும்பிவிட்டார். புதுசாக கேட் பாஸ் வாங்குவது பெரிய பேஜாரு என்று மேஸ்திரியே யோசனை சொல்ல, இவருடைய பாஸிலேயே தங்கை புருஷன் ஏழுமலை உள்ளே போய்க்கொண்டிருந்தான். பாஸில் இருந்த போட்டோ வியர்வையில் ஊறி யார் முகம் என்றே தெரியாமல் போயிருந்ததால் வாட்ச்மேனும் கேட்கவில்லை. மில்லில் கோதண்டம் என்று ஆனவன் ஆஸ்பத்திரியிலும் கோதண்டம் என்றே எழுதிக்கொடுத்துவிட்டான். பெட்டி நேராக நிஜக் கோதண்டம் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டது.

"உங்களுக்கு இருமலே இல்லையே, ஏன் சாப்பிட்டீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்சம் மனம் நொந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"கவர்மெண்டே ஊடு தேடி வந்து உனக்கு வியாதின்னு சொல்லி மாத்திரையும் குடுக்குது, இல்லன்னு சொன்னா மரியாதையா இருக்குமா மேடம்?"

புழு நெளிந்தால் நல்ல தண்ணீர்

அப்படியானால் மூன்று வாரமாக ஏழுமலை ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. த்ரீ ப்ளஸ்ஸை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதே அறையில் இருமிக்கொண்டிருக்கிறான். கோதண்டத்தையே கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அவர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளுக்குப் போனேன்.

அது சிக்குன்குனியா வந்த வருஷம். லைன் வீட்டில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவி நடந்தார்கள். அதற்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு, நிறையத் தண்ணீர், வலிக்கு மாத்திரை, மிச்சமெல்லாம் பொறுமைதான். ஆனால் வராமல் தடுக்கலாம். பகலில் கடிக்கிற கொசு, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினாலே போதும்.

முனுசாமி வாசலிலேயே இருந்தான். அவன் அறைக்கு வெளியே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், ஏதோ கெமிக்கல் கம்பெனியிலிருந்து பழசாக வாங்கியது. அதில்தான் லாரித் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். கொசுப்புழு கொத்துக்கொத்தாகத் துள்ளிக்கொண்டிருந்தது. கவிழ்க்கப் போனேன். முனுசாமி பாய்ந்து வந்து டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். லாரி நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் சொன்னபோது நான் டிரம்மை விட்டுவிட்டேன்.

"புழு துள்ளுது பார்த்தீங்களா, அப்போ கெமிக்கல் சுத்தமா போயிடுச்சுன்னு அர்த்தம். புழு இல்லன்னாதான் மேடம் நாங்க பயப்படுவோம்."

ஜன்னல்

ஏழுமலை உள்ளே படுத்திருந்தான். மைத்துனரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து அழுதான். "எம்பேர்ல பெட்டி இல்ல, இன்னான்னு சொல்லி மாத்திரை கேக்கறது மேடம்? உண்மைய சொன்னா பாஸு போவும், மச்சானுக்கும் அசிங்கம்" என்றான். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று ஊர்ப் பக்கமே போகவில்லையாம். அதுவரை திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் நல்லவர். கோதண்டத்தின் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏழுமலை என்ற நிஜப் பெயரிலேயே புதுப் பெட்டி போட்டார். மில்லுக்குத் தெரியாமல் மாத்திரை கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே? லைன் வீட்டுச் சொந்தக்காரர் காசிம் பாய், பழவேற்காட்டுக்காரர், பக்கத்திலேயே கருவாட்டுக் கடை வைத்திருந்தவர், தானே முன்வந்தார். திங்கள், புதன், வெள்ளி, ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை, அவர் கண்ணெதிரே. நோன்பு மாதத்தில் தன் வாயில் எச்சில்கூட விழுங்காமல், இவன் விழுங்கும்வரை சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். அறையில் இருந்த ஒரே ஜன்னலைச் சிமெண்ட் சாக்கு வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் படுக்கிற அறை. காசநோய்க் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டுகிற வியாதி இல்லை இது, காற்றில்தான் பரவும், வெளிச்சமும் காற்றும் வந்தால் பாதி பயம் போய்விடும் என்று தொண்டை வறளச் சொன்னேன். "யார் மூடச் சொன்னது?" என்று கேட்டேன். எங்கள் நிலையத்திலிருந்து கொசு ஒழிப்புக்கு வந்தவரேதான் சொல்லியிருக்கிறார். பாய் அன்று சாயங்காலமே சாக்கைக் கழற்றிவிட்டு, மீன்குஞ்சுகூட நுழைய முடியாத சின்னக் கண்ணி வலையைக் கொண்டுவந்து இரண்டு மடிப்பாக அடித்தார், அது வேறு விஷயம். முனுசாமி என்னை விடவில்லை.

"கொசுவுக்கு மூடுன்றாரு அவரு, டிபிக்குத் தொறன்றீங்க நீங்க. ரெண்டு பேரும் ஆபீஸ்ல ஒண்ணா உக்காந்து பேசிட்டு வாங்க மேடம், நாங்க அதுவரைக்கும் வெளிய படுத்துக்கறோம்."

டைபாய்டு லீவு

முதல் மாதம் ஏழுமலைக்கு நிற்கவே முடியவில்லை. லீவு வேண்டும். மில் கான்ட்ராக்டரிடம் வருகைப் பதிவு எழுதும் டைம்கீப்பர் என் ஜன்னலுக்கே வந்தார். அவருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. சீட்டில் டைபாய்டு என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அந்த மில்லில் லீவு போட்ட எல்லோருக்குமே டைபாய்டுதானாம். மஞ்சள் காமாலை, மலேரியா, பொண்டாட்டி பிரசவம், எதுவானாலும் டைபாய்டு.

நான் கொதித்துப்போனேன். டைபாய்டு கெட்ட தண்ணீரிலும் கழுவாத கையிலும் வருவது, அதற்கு வேறு மருந்து, இப்படிப் பொய்யாக எழுதினால் நிஜமாகவே தண்ணீர் கெட்டுப்போகிற அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்று ஒரு பாட்டம் கத்தினேன். மாத்திரை ஆரம்பித்து சில வாரத்திலேயே பெரும்பாலும் பிறருக்குத் தொற்றாது, வேலைக்கு வரலாம், எதற்கு ஒளிக்க வேண்டும் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், கோபமே படவில்லை.

"டைபாய்டுன்னா பத்து நாள் லீவு மேடம், டிபின்னா ஆயுசுக்கும் லீவு. நீங்களே பார்த்து எழுதுங்க."

காலி அட்டை

இரண்டு மாதம் முடிந்து ஏழுமலையின் சளியைப் பார்த்தேன். சுத்தமான நீலம், சிவப்பு ஒன்றுகூட இல்லை. நம்பிக்கையில்லாமல் இன்னொரு ஸ்லைடு போட்டும் பார்த்தேன். அன்று நான் வாங்கிவந்த மைசூர்பாகை நர்ஸம்மாக்கள்கூட எடுத்துக்கொண்டார்கள். ஏழுமலைக்குச் சதை போட்டிருந்தது. இனி நாலு மாதம், வாரத்துக்கு ஒரு மாத்திரை அட்டை. முதல் நாள் மாத்திரை பாய் முன்னால், மற்ற இரண்டு நாளுக்கு அவனே வீட்டில் விழுங்கிவிட்டுக் காலி அட்டையைத் திருப்பித் தர வேண்டும். ஒரு வாரம்கூடத் தவறாமல் அட்டை காலியாக வந்தது. பாய் ஒவ்வொன்றையும் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

ஐந்தாம் மாதம் மறுபடி பார்த்தேன். சிவப்பு. மைக்ராஸ்கோப்பில் ஏதோ கோளாறு என்று லென்ஸைத் துடைத்தேன். மறுபடி சிவப்பு. வேறு ஆளின் டப்பியோ என்று பார்த்தேன். இல்லை, நானே எதிரில் நின்று வாங்கியது.

கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். முனுசாமிக்கு இருமல் வந்துவிட்டதாம், எடை குறைகிறதாம். அதே அறையில் இரண்டாவது ஆளுக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் மேஸ்திரி அறையையே காலி பண்ணிவிடுவான், எட்டுப் பேருக்கும் வேலை போகும் என்று பயம். அதனால் யாரிடமும் சொல்லாமல், வீட்டில் விழுங்க வேண்டிய இரண்டு நாள் மாத்திரையை வாராவாரம் முனுசாமிக்குக் கொடுத்திருக்கிறான். பாய் முன்னால் விழுங்கியது மட்டும் இவனுக்கு. ஒரு நோயாளியின் மருந்து இரண்டு பேருக்கும் பாதியாகி, இரண்டு பேருக்கும் உதவாமல், கிருமிக்கு மட்டும் மருந்தைச் சமாளிக்கப் பழக்கம் கொடுத்திருக்கிறது. முனுசாமிக்கு முதலில் ஒன்றுமில்லை என்று நானேதான் எழுதினேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேரையும் மறுபடி வரச் சொல்லி டப்பி கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. ஏழுமலையோ தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான்.

"எனக்குதான் நெகடிவ்வுன்னு சொல்லிட்டீங்களே மேடம், அவனுக்குதான ஜாஸ்தி தேவைன்னு ரெண்டு நாளுது குடுத்தேன்."

முனுசாமியின் சீட்டு

இரண்டு பேருக்கும் தனித்தனிப் பெட்டி வந்தது. முனுசாமிக்கு ஆறு மாதம். ஏழுமலைக்கு எட்டு மாதம், அதில் முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. மில்லுக்குத் தெரிந்துவிட்டது, ஏழுமலை கையிலிருந்த பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோதண்டம் வந்து மைத்துனனை ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஊழியரை எதிர்பார்க்காமல் தானே ஊசிக்குக் கூட்டிப்போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். குழந்தைக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் ஏழுமலைக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. நாலாவது மாதம் ரத்தமாக வாந்தி எடுத்து, திருவள்ளூருக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டான். கோதண்டம் பாயின் கடைக்குப் போன் பண்ண, பாய் நேரில் வந்து என்னிடம் சொன்னார். அன்று நான் ஸ்லைடு எதுவும் பார்க்கவில்லை. பார்த்தாலும் எதுவும் தெரிந்திருக்காது.

முனுசாமி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பாய் கடைக்கு அவனே நேரத்துக்கு முன்னால் போய் நிற்பானாம். ஆறு மாதம் முடிந்து கடைசிப் பரிசோதனைக்கு வந்தான். சுத்தமான நீலம். சீட்டில் "கிருமி இல்லை" என்று எழுதி, முனுசாமி என்று பெயர் போட்டு நீட்டினேன். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன், சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எல்லோரையும் விரட்டுகிற நான் அவனைப் போகச் சொல்லவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

"எனக்கு அந்த ரெண்டு நாள் மாத்திரைய குடுக்காம இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பான் இல்ல மேடம்?"

கிருமியைக் கண்டு பயந்தவர்களை இந்த உத்தியோகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை, பாஸ் போய்விடுமோ என்று மில் வாசலில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிற ஒரு வாட்ச்மேனைக் கண்டு பயந்தவர்களைத்தான் தினமும் பார்த்தேன்.